பலகை முதுகுக்கா, மெத்தைக்கா?

கேள்வி: 2024 அக்டோபர் 12

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறேன். வயது 38. மூன்று மாதமாக இடது பிட்டத்தில் தொடங்கித் தொடை, கெண்டைக்கால் வழியாகக் கால் பெருவிரல் வரைக்கும் சுள்ளென்று இழுக்கிறது. சியாட்டிகா, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு ஓடுகிற நரம்பு நசுங்கி வருகிற வலி என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் எல்லாரும் மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பலகையில் படு என்கிறார்கள். டவுனில் கடைக்காரர் எட்டு அங்குல மெமரி ஃபோம் வாங்கச் சொல்கிறார். தீபாவளி முற்பணம் வரப்போகிறது. எது சரி?

அக்டோபர் 12, இரவு

முற்பணம் கைக்கு வந்த சூட்டோடு கடைக்கு ஓடாதீர்கள், தம்பி. எனக்கு இதே நோய் 2019இல் வந்தது. வலது கால். தலவாக்கலைக்குப் பக்கத்தில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அம்மாவுக்கும் இருக்கிறது. 34 வருஷம் கொழுந்து எடுத்தவர். ஒரே வீட்டில் இரண்டு பேர் இந்த வலியோடு படுத்து எழும்புவதால் படுக்கை விஷயத்தில் நிறையப் பட்டுவிட்டேன்.

பலகையில் நானும் படுத்தேன். 11 இரவு. பக்கவாட்டில் படுத்தால் தோளும் இடுப்பெலும்பும் மட்டும் பலகையில் இடிக்கும், இரண்டுக்கும் நடுவில் இடுப்பு அந்தரத்தில் நிற்கும். மல்லாந்து படுத்தால் காலை நீட்ட முடியாது. நடுச்சாமத்தில் எழும்பி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல், விடிகிற வரைக்கும் நின்ற இரவுகள் உண்டு. பன்னிரண்டாம் நாள் பலகையை எடுத்துவிட்டு ஐந்து அங்குலக் கொயர் (தென்னந்தும்பு) மெத்தை வாங்கினேன். அதில்தான் தூக்கம் வந்தது. என்னைக் கேட்டால் கொயர்தான்.

அக்டோபர் 13

நேற்று மெத்தைப் பேச்சிலேயே இதை விட்டுவிட்டேன். முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

தொடை இடுக்கிலும் மலவாயைச் சுற்றியும் மரத்துப்போனால், சிறுநீர் போவது தெரியாமல் போனால் அல்லது வராமல் நின்றுவிட்டால், இரண்டு காலிலும் பலம் குறைந்தால் அன்றைக்கே, இரவென்றாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முள்ளந்தண்டின் அடியில் நரம்புக் கொத்தே நசுங்குகிறது என்று அர்த்தம். அதில் மணிக்கணக்கில் தாமதித்தால் கூட ஆள் ஆயுசுக்கும் கஷ்டப்படலாம். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று கழன்று விழுகிறதா, அதையும் நாள் கடத்தாமல் காட்டுங்கள். விடியட்டும், பஸ் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

அக்டோபர் 15

"டாக்டரே பலகையில் படுக்கச் சொன்னாரே" என்று தம்பி திருப்பிக் கேட்டிருக்கிறார். நம் ஊரில் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

எங்கள் லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) ஒரு இரும்புக் கட்டில் இருந்தது. கம்பி வலை போட்டது. அப்பா அதில் ஏறிப் படுத்தால் நடுவில் தூளி மாதிரி தொங்கும். அந்தக் காலத்தில் முதுகுவலி என்று போனவர்களுக்கு டாக்டர்மார் சொன்னது, மெத்தைக்குக் கீழே ஒரு பலகை போடு என்பதுதான். கட்டில் தொங்காமல் இருக்க. வாய்க்கு வாய் மாறி வரும்போது மெத்தை காணாமல் போய்விட்டது, பலகை மட்டும் மிஞ்சிவிட்டது. பலகை மெத்தைக்கு, முதுகுக்கு இல்லை.

அதனால் தம்பி முதலில் பார்க்க வேண்டியது மெத்தையை அல்ல, கட்டிலை. மெத்தையைத் தூக்கிவிட்டுச் சட்டங்களைக் கையால் அழுத்திப் பாருங்கள். நடுச்சட்டம் வளைந்திருக்கிறதா, ஆணி கழன்றிருக்கிறதா? அரை அங்குல ப்ளைவுட் ஒன்றை அளவுக்கு வெட்டி மேலே போட்டு, இருக்கிற பழைய மெத்தையிலேயே ஒரு கிழமை படுங்கள். பாதிப் பேருக்குப் புது மெத்தையே தேவைப்படாது என்று நினைக்கிறேன். (பாதி என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எங்கள் லயத்தில் நாலு வீட்டில் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.)

அக்டோபர் 19

பதுளையிலிருந்து ஒரு அண்ணன், "கெட்டியான மெத்தைதான் நல்லது என்று உலகமே சொல்கிறது, நீங்கள் மட்டும் மாற்றிச் சொல்கிறீர்கள்" என்கிறார்.

அண்ணா, ஸ்பெயினில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேர். பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை. யாருக்கு எது கிடைத்தது என்று அவர்களுக்கே சொல்லவில்லை. 90 நாள் கழித்துப் பார்த்தால் நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. 2003இல் லான்செட் இதழில் வந்தது. அதன் பிறகுதான் "எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது" என்ற பேச்சு ஆட்டம் கண்டது.

ஆனால் அவர்கள் இடுப்பு வலிக்காரர்கள். கால் வரைக்கும் இழுக்கிற சியாட்டிகாகாரர்களை வைத்துச் செய்த சோதனை இல்லை அது. அதை அப்படியே நமக்குப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை. நமக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: கல் மாதிரி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அக்டோபர் 20

மெமரி ஃபோம். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் நம் ஊருக்கும் கொழும்புக்கும் உள்ள வித்தியாசமே இதில்தான்.

1966இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளுக்கென்று உருவாக்கிய நுரை அது. உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வளைவுக்கு ஏற்பப் பதிகிறது. சூடு இருந்தால்தான் இளகும், குளிரில் இறுகிவிடும். நீர்கொழும்பில் 30 பாகை வெப்பத்தில் படுக்கிறவருக்கு அது வெண்ணெய். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழுகிற ஊர். அங்கே கணப்பு இல்லாத அறையில் அதே மெத்தை எப்படி இருக்கும்?

என் மாமா வீட்டில் மெமரி ஃபோம் தலையணை ஒன்று இருந்தது. அதை வாங்கி வந்து சோதித்தேன். பள்ளிக்கூடத்து வெப்பமானியை அறையில் தொங்கவிட்டேன். காலை ஐந்து மணிக்கு 13 பாகை. ஒரு கிலோ படிக்கல்லைத் தலையணையில் வைத்தேன், ஒரு நிமிஷத்தில் எட்டு மில்லிமீற்றர் இறங்கியது. மத்தியானம் வெயில் வந்து அறை 22 பாகைக்கு ஏறிய பிறகு அதே கல், அதே இடம், 19 மில்லிமீற்றர். ஒரு தலையணையில் ஒரு நாள் பார்த்ததுதான். ஆனாலும் விரலால் அழுத்தினாலே தெரிகிற வித்தியாசம்.

படுத்துக் கால் மணி நேரத்தில் உடம்புச் சூடு பட்டு இளகிவிடும், சரி. ஆனால் சியாட்டிகாகாரர் இரவில் பத்துத் தடவை புரளுகிறவர். புரண்ட இடம் மறுபடியும் குளிர்ந்து இறுகிக் கிடக்கும், முதலில் படுத்த இடம் பள்ளமாகக் கிடக்கும். அந்தப் பள்ளத்திலிருந்து இடுப்பைத் தூக்கிப் புரளுவது எவ்வளவு வேதனை என்று பட்டவர்களுக்குத் தெரியும். பொகவந்தலாவைக் குளிருக்கு எட்டு அங்குல மெமரி ஃபோம் வேண்டாம், தம்பி. இரண்டு அங்குலம் மேல்விரிப்பாக மட்டும் என்றால் பரவாயில்லை.

லேடெக்ஸ் இந்தக் குளிருக்கு அவ்வளவாக மாறாது. நம் நாட்டு இறப்பர் பாலில் செய்வது, அழுத்தினால் உடனே மேலே வரும், புரளுவது லேசு. விலைதான் எட்டாது.

அக்டோபர் 27

கடையில் எப்படிப் பார்ப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

கையால் அழுத்திப் பார்த்து வாங்காதீர்கள். படுக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிஷம், வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படி. ஹட்டனில் நான் அப்படிப் படுத்தபோது கடைப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், வெளியே இரண்டு பேர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். பொம்பிளை கடையில் படுக்கிறதா என்று எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. கூட வந்த என் மகள் சால்வையை எடுத்துக் கால் மேல் போர்த்திவிட்டு, "நீங்க படுங்கம்மா" என்று பக்கத்தில் நின்றுகொண்டாள். காசு நம்முடையது, கால் நம்முடையது. படுத்துப் பாருங்கள்.

மல்லாந்து படுத்து இடுப்புக்குக் கீழே கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை மிகக் கெட்டி. நுழையவே இல்லை என்றால் மிக மெத்து. லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். பக்கவாட்டில் படுத்து, முதுகுப் பக்கமிருந்து ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு ஒரே கோடாகத் தெரிகிறதா, தொட்டில் மாதிரி தொங்குகிறதா என்று படத்தில் தெரிந்துவிடும்.

ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் படுங்கள். தடித்த ஸ்வெட்டரே ஒரு அங்குல மெத்தைக்குச் சமம்.

நவம்பர் 4

தம்பி மெத்தை வாங்கவில்லை. தச்சு பாஸ் ஒருவரைப் பிடித்துக் கட்டில் சட்டம் இரண்டை மாற்றி, ப்ளைவுட் போட்டுப் பழைய மெத்தையிலேயே படுக்கிறாராம். "வலி பாதத்தில் இல்லை, இப்போது தொடையோடு நிற்கிறது" என்று எழுதியிருக்கிறார். இது நல்ல செய்தி. வலி காலிலிருந்து மேல்நோக்கி ஏறி இடுப்பில் ஒதுங்கினால் பெரும்பாலும் குணமாகிற பாதை அது. இடுப்பு கொஞ்சம் அதிகமாக வலித்தாலும் பயப்பட வேண்டாம். எந்தப் படுக்கை நல்லது என்பதற்கும் இதுதான் என் அளவுகோல்: காலையில் எழும்பும்போது வலி எந்த இடம் வரைக்கும் இறங்கியிருக்கிறது?

முற்பணத்தில் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தாராம். மனசு நிறைந்தது.

நவம்பர் 5

தலையணையை மறந்துவிட்டேன். பக்கவாட்டில் படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று, மல்லாந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே ஒன்று. கம்பளியைச் சுருட்டி வைத்தாலும் போதும். செலவே இல்லாத விஷயம்.

நவம்பர் 24

முந்தி ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "பயப்படாதீர்கள், பன்னிரண்டு கிழமையில் குறைந்துவிடும்" என்று சொல்லிவிட்டேன். மஸ்கெலியாவிலிருந்து ஒரு அக்கா அதைப் படித்துவிட்டு, "எனக்கு மூன்று வருஷமாகக் குறையவில்லை, நான் பொய்யா சொல்கிறேன்?" என்று கேட்டிருக்கிறார். அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வது உண்மை, நான் சொன்ன விதம் தவறு.

நான் மனதில் வைத்திருந்தது 1999இல் நெதர்லாந்தில் வந்த ஒரு ஆய்வு. சியாட்டிகா உள்ள 183 பேர். பாதிப் பேரை இரண்டு கிழமை படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள், மீதிப் பேரை முடிந்தவரை நடமாடச் சொன்னார்கள். 12 கிழமை முடிவில் இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கு 87 பேருக்குக் குணம் தெரிந்தது. படுத்தே கிடந்ததால் தனி லாபம் எதுவும் இல்லை. ஆனால் மீதி 13 பேர்? அந்தப் பதின்மூன்றில் ஒருவராக இருந்து பார்த்தால்தான் அந்த எண்ணிக்கையின் கனம் தெரியும். மூன்று வருஷம் என்றால் மெத்தை மாற்றிப் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டது. நரம்பு எங்கே நசுங்குகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கிற டாக்டரிடம் போக வேண்டும்.

2025 ஜனவரி 9

கடும் குளிர். இன்று காலை அறையில் 10 பாகை.

சுடுதண்ணீர் போத்தல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு: இடுப்பில் வைக்கலாம், துணி சுற்றி, இருபது நிமிஷம். மரத்துப்போன காலில் மட்டும் வைத்துக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். போன வருஷம் அம்மா அப்படித் தூங்கிவிட்டார். காலையில் கெண்டைக்காலின் வெளிப்பக்கம் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குக் கொப்புளம், உள்ளே மஞ்சளாகத் தண்ணீர். "சுடவே இல்லையே பிள்ளை" என்று அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த இடத்தில் உணர்ச்சி போய் எவ்வளவு காலம் ஆகிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது.

ஜனவரி 19

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்.

அவருக்கு வலி வந்தது மலையில் ஏறி இறங்கிய காலத்திலேயே. கூடைக் கயிறு தலையில், படங்கு இடுப்பில், சரிவில் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே. கால் இழுத்தால் நிரை பிந்தும், நிரை பிந்தினால் நிறுவையில் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. வாயு பிடிப்பு என்று எண்ணெய் தடவிக்கொண்டு சாக்கின் மேல் பாயைப் போட்டுச் சிமெந்துத் தரையில் படுத்தார். ஒரு காம்பராவில் ஏழு பேர். கட்டில் போட இடம் ஏது? இங்கே எட்டு அங்குலம், ஆறு அங்குலம் என்று பேசுகிறோம். இரவில் விரித்துக் காலையில் சுருட்டி வைக்க முடிகிற படுக்கைதான் இன்றைக்கும் எத்தனையோ வீட்டில் முடியும். அவர்களுக்கு நான் சொல்லக் கூடியது, மூன்று அங்குல ஸ்பாஞ்சும் அதன் கீழே தடித்த பன்பாய் ஒன்றும். வெறும் சிமெந்தில் மட்டும் வேண்டாம்.

இப்போது முதல் குறிப்பில் எழுதியதைத் திருத்த வேண்டும். "என்னைக் கேட்டால் கொயர்தான்" என்றேன். எனக்கு ஒத்துவந்த அதே கொயர் மெத்தையில் அம்மாவைப் படுக்க வைத்தேன். மூன்றாம் நாள் இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்துவிட்டது. நான் 68 கிலோ, அம்மா 41 கிலோ. எனக்கு நாலு விரல் இறங்கிக் கொடுக்கிற மெத்தை அவருக்கு இறங்கவே இல்லை, அவருக்கு அது பலகைதான். கெட்டி, மெத்து என்பது மெத்தையில் மட்டும் இல்லை, படுக்கிறவர் எடையிலும் இருக்கிறது. கடைக்காரர் "மீடியம்" என்று சொன்னால், யாருக்கு மீடியம் என்று கேளுங்கள். அம்மாவின் கொயருக்கு மேலே இரண்டு அங்குல லேடெக்ஸ் போட்டோம். அந்தத் துண்டுக்கே என் மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு போனது. கொடுத்ததில் வருத்தம் இல்லை.

ஜனவரி 20

விடியக்காலை விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முள்ளந்தண்டின் வட்டுகள் தண்ணீரை இழுத்து ஊதிக்கொள்ளும். காலையில் நாம் ஒரு சென்டிமீற்றருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்தால் வட்டில் அழுத்தம் அதிகம். எழும்பி முதல் ஒரு மணி நேரம் குனிந்து கூட்டுவது, குடம் தூக்குவது, பாய் சுருட்டுவது வேண்டாம். வேறு யாராவது செய்யட்டும். எழும்பும்போதும் நேராக நிமிராமல் பக்கவாட்டில் புரண்டு, காலைத் தொங்கப்போட்டு, கையை ஊன்றி எழும்புங்கள்.

ஜூன் 14

தென்மேல் மழை விட்டபாடில்லை. பத்து நாளாகத் துணி காயவில்லை. இன்று மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம், அம்மா படுக்கிற அச்சு அப்படியே வரைந்தது போல.

தவறு என்னுடையது. அக்டோபரில் ப்ளைவுட் போடச் சொன்னேன், ஓட்டை போடச் சொல்லவில்லை. உடம்புச் சூட்டில் இறங்குகிற ஈரம் குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிவிடுகிறது, வெளியே போக வழி இல்லை. லொறித் தம்பி உட்பட ப்ளைவுட் போட்ட எல்லாரும் இன்றைக்கே தூக்கிப் பாருங்கள். பாஸிடம் சொல்லி ஒரு அங்குல ஓட்டைகள், ஒரு சாண் இடைவெளியில், பலகை முழுக்கப் போடுங்கள். அல்லது ப்ளைவுட்டை எடுத்துவிட்டு இரண்டு அங்குல இடைவெளியில் நெருக்கமாகச் சட்டம் அடியுங்கள், அது இன்னும் நல்லது. வெயில் கண்ட நாளில் மெத்தையை இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) நிறுத்தி வையுங்கள். லேடெக்ஸை மட்டும் நேர் வெயிலில் போடாதீர்கள், பொரிந்துவிடும்.

ஜூன் 15

தம்பியுடையதிலும் பூஞ்சணமாம். ஓட்டை போடுகிறார். மன்னியுங்கள், தம்பி.

ஆகஸ்ட் 23

நினைக்காத ஒன்று.

புதன் இரவு தண்ணீர் குடிக்க எழும்பினால் அம்மா கீழே, பழைய பாயில் படுத்திருக்கிறார். கட்டில் காலி. கேட்டால் முதலில் "புழுக்கமாக இருந்தது" என்றார். இந்தக் குளிரில் என்ன புழுக்கம்? பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். மெத்தை நல்ல மெத்தை, பிள்ளை, இறங்கும்போதுதான் பயமாக இருக்கிறது என்றார்.

காலையில் அவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்துப் பார்த்தேன். கொயர் ஐந்து அங்குலம், லேடெக்ஸ் இரண்டு, கட்டில் உயரம் பதினெட்டு, எல்லாமாக 25 அங்குலம். அம்மாவின் உயரம் நாலு அடி எட்டு அங்குலம். பாதம் தரையிலிருந்து ஒரு சாண் மேலே தொங்கியது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் வழுக்கிக்கொண்டு வந்து, வலிக்கிற காலில்தான் தொப்பென்று விழுந்திருக்கிறார். ஏழு மாதமாக. மெத்தையின் கனம், குளிர், ஈரம், எடை எல்லாம் அளந்தேன், தரைக்கும் பாதத்துக்கும் உள்ள தூரத்தை அளக்கவில்லை. உங்கள் வீட்டில் வயதானவர் இருந்தால் விளிம்பில் உட்கார வைத்துப் பாருங்கள்: பாதம் முழுதாகத் தரையில் பட வேண்டும், முழங்காலை விட இடுப்பு கொஞ்சம் மேலே இருக்க வேண்டும்.

பாஸ் நேற்று வந்து நாலு காலிலும் ஏழு அங்குலம் அறுத்தார். அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு காலும் சமமாக இருக்கிறதா என்று விரலால் அளந்துகொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் சிமெந்தில் வைத்து, எழும்பினார், உட்கார்ந்தார், மறுபடி எழும்பினார். இரவு கட்டிலில்தான் படுத்தார். வெட்டிய நாலு துண்டையும் அடுப்புக்கு எடுத்து வைத்திருக்கிறார்.